ரிக் ரூபின் உண்மையில் என்னதான் செய்கிறார்? ரெக்கார்ட் புரொட்யூசர் வேலைக்கு ஓர் எளிய அறிமுகம்

2023 ஜனவரியில் '60 மினிட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அமெரிக்க ரெக்கார்ட் புரொட்யூசர் ரிக் ரூபினை ஆண்டர்சன் கூப்பர் பேட்டி எடுத்தார். வாத்தியம் ஏதாவது வாசிப்பீர்களா என்று கேட்டதற்கு, ஏதோ கொஞ்சம் என்கிற மாதிரி பதில் வந்தது. ஸ்டூடியோவில் ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும் கருவியான மிக்சிங் போர்டை இயக்கத் தெரியுமா என்றால், தெரியாது. தொழில்நுட்பத் திறமை எதுவும் தனக்கு இல்லை என்றார். அப்புறம் எதற்குச் சம்பளம்? தன் ரசனையின் மேல் தனக்கு இருக்கும் நம்பிக்கைக்கும், கேட்கும்போது தோன்றுவதை எடுத்துச் சொல்லத் தெரிந்ததற்கும்தான் என்றார்.

அந்தத் துண்டு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்களில் ஒரு சாரார், ஒன்றும் தெரியாமலே கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார் என்றார்கள். இன்னொரு சாரார், தாடியும் தியானமுமாக இருக்கும் ஞானி, கண்ணை மூடினாலே ஹிட் பாட்டு வந்துவிடும் என்றார்கள். இரண்டு பேச்சும் தப்பு. ஒரு ரெக்கார்ட் புரொட்யூசரின் வேலை என்ன என்று தெரியாததால் வந்த தப்பு. ராப், ராக் என இரண்டு பக்கமும் நாற்பது வருடமாக வேலை செய்த ரூபினை வைத்தே அந்த வேலையைப் புரிந்துகொள்ளலாம்.

பணம் போடுபவர் அல்ல, மெட்டுப் போடுபவரும் அல்ல

புரொட்யூசர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் படத்துக்குப் பணம் போடும் தயாரிப்பாளர். பாட்டு விஷயத்தில் பணம் போடுவது பெரும்பாலும் லேபிள், அதாவது ரெக்கார்டுகளை வெளியிட்டு விற்கும் நிறுவனம். மெட்டுப் போடுவதும் புரொட்யூசரின் கட்டாய வேலை அல்ல. தமிழ்த் திரையிசையில் மெட்டு, பின்னணி வாத்தியக் கோர்ப்பு, யார் பாடுவது, எந்தப் பதிவு சரி என்பது வரை எல்லா முடிவும் இசையமைப்பாளர் கையில் இருக்கிறது. அதனால் புரொட்யூசர் என்று தனியாக ஒருவர் எதற்கு என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. மேற்கத்திய ராக் இசைக் குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாட்டை ஒரு நல்ல ஒலிப்பதிவாக மாற்றும் பொறுப்பு புரொட்யூசருடையது.

ஜவுளிக்கடைக்குக் கூட வரும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். சேலையை நெய்தது அவரில்லை, காசு கொடுப்பதும் அவரில்லை, கட்டப்போவதும் அவரில்லை. ஆனாலும் ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்ட பிறகு, "இது நல்ல சேலைதான், ஆனா உனக்கு எடுக்காது. அந்தக் கடைசியில இருக்கறத எடு" என்று சொல்ல அவர்தான் வேண்டும். அவர் சேலையை மட்டும் பார்ப்பதில்லை, கட்டப்போகிறவளையும் சேர்த்துப் பார்க்கிறார். ரூபின் வேலையின் மையம் இதுதான். ஆனால் ஒலிப்பதிவில் அந்த 'எடுக்காது' என்ற தீர்ப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட நடைமுறை இருக்கிறது.

அதில் நான்கைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு பாட்டை ஒருமுறை பாடி அல்லது வாசித்துப் பதிவதற்கு 'டேக்' என்று பெயர். மைக்கை எங்கே வைப்பது, கருவிகளை எப்படி இயக்குவது என்று பார்ப்பவர் சவுண்ட் இன்ஜினியர். தனித்தனியாகப் பதிந்த குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது மிக்சிங். சேர்த்து முடித்த பாட்டுகளை வெளியீட்டுக்கு ஏற்றபடி கடைசியாகச் செம்மைப்படுத்துவது மாஸ்டரிங். ரூபின் தனக்குத் தெரியாது என்று சொன்ன போர்டு வேலை இன்ஜினியருடையது. அவரோடு வேலை செய்த ஆண்டி வாலஸ், பிரெண்டன் ஓபிரையன் போன்றவர்கள் அந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள்.

சுருக்கமாக: லேபிள் பணம் போடுகிறது, கலைஞர் பாட்டோடு வருகிறார், இன்ஜினியர் பதிகிறார். எந்தப் பாட்டு, எந்த வடிவம், எந்த டேக், எது வேண்டாம் என்ற முடிவுகளுக்குப் பொறுப்பு புரொட்யூசர்.

விடுதி அறையில் ஒரு லேபிள்

ரூபின் 1963இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வைன்ஸ்டீன் ஹால் என்ற மாணவர் விடுதியில் தங்கியிருந்தார். டெஃப் ஜாம் லேபிள் அந்த அறையில்தான் தொடங்கியது. 1984இல் டி லா ராக், ஜாஸி ஜே இருவரின் 'இட்ஸ் யுவர்ஸ்' வெளிவந்தது. அதன் பிறகு ராப் கலைஞர்களின் மேலாளரான ரசல் சிமன்ஸ் கூட்டாளியாகச் சேர்ந்தார். ரெக்கார்டின் உறையில் விடுதி முகவரி இருந்ததால் புதியவர்களின் டெமோ டேப்கள், அதாவது மாதிரிப் பதிவுகள், அறைக்கே வந்து குவிந்தன. அந்தக் குவியலில் இருந்து பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் ஆட்-ராக் எடுத்துக் கொடுத்த டேப்புக்குச் சொந்தக்காரர் எல்.எல். கூல் ஜே என்ற பள்ளி வயதுப் பையன்.

அப்போதைய ராப் ரெக்கார்டுகளில் ரூபினுக்கு ஒரு குறை இருந்தது. கிளப்பில் ராப் கேட்டால் டிஜே சுழற்றும் டிரம் அடியும் பாடுபவரின் குரலும் முகத்தில் அறையும். அதே ராப்பை ரெக்கார்டில் கேட்டால் பின்னணியில் ஒரு வாத்தியக் குழு டிஸ்கோ பாணியில் வழவழவென்று வாசித்துக்கொண்டிருக்கும். கிளப்பில் கேட்டது ஏன் ரெக்கார்டில் இல்லை? இந்தக் கேள்விதான் அவரை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

அவருடைய பதில் இரண்டு பகுதி. முதலாவது, டிரம் மெஷினையும் குரலையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுவது. டிரம் மெஷின் என்பது பொத்தான்களால் தாளத்தைக் கட்டமைக்கும் மின்னணுக் கருவி. இரண்டாவது, வடிவம். 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டின் முழு நீளப் பதிப்பு பதினான்கு நிமிடத்துக்கும் மேல் ஓடும். விருந்தில் ஆடிக்கொண்டே கேட்க அது சரி. ரூபின் ராப்பை ராக் பாட்டு மாதிரி சரணம், திரும்பத் திரும்ப வரும் பல்லவி, மறுபடி சரணம் என்று கட்டச் சொன்னார். கேட்பவர் மனதில் தங்குவதற்கு ஒரு பிடி கிடைத்தது.

1985இல் எல்.எல். கூல் ஜேயின் முதல் ஆல்பமான 'ரேடியோ' வந்தபோது அவருக்கு வயது 17. அதன் உறையில் 'தயாரிப்பு: ரிக் ரூபின்' என்று போடவில்லை. 'குறைத்தவர்: ரிக் ரூபின்' என்று போட்டார்கள். அவருடைய நாற்பது வருட வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வருடங்களில் தாளத்தை நிரல்படுத்தி ஒலிகளைத் தேர்ந்து கோர்த்தவர் ரூபினேதான். 1986 நவம்பரில் வந்த பீஸ்டி பாய்ஸின் 'லைசென்ஸ்டு டு இல்' ஆல்பத்தில் லெட் செப்பலின் குழுவின் பழைய டிரம் அடி ஒன்று சாம்பிளாக வருகிறது. சாம்பிள் என்றால் வேறொரு ரெக்கார்டின் ஒலித்துண்டை எடுத்துப் புதிய பாட்டில் பயன்படுத்துவது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம் அதுதான். 2023இல் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவர், 23 வயதில் இதைக் கையால் செய்தவர். அந்தப் பேட்டியை மட்டும் பார்த்துவிட்டு, ரசனை இருந்தால் போதும், பயிற்சி தேவையில்லை என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த ரசனை ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்டும் செய்தும் வந்தது.

தெரிந்த பாட்டை வைத்துப் போட்ட பாலம்

ஏரோஸ்மித் என்ற ராக் குழு 1975இல் 'வாக் திஸ் வே' என்ற பாட்டை வெளியிட்டிருந்தது. ரன்-டி.எம்.சி. ராப் குழுவினர் அதன் தொடக்க டிரம் அடியைத் தங்கள் மேடைகளில் பல காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் சில விநாடிகளுக்குப் பிறகு என்ன வருகிறது என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. டிஜே ரெக்கார்டைப் பின்னுக்குச் சுழற்றிவிடுவார், அடி மறுபடி தொடங்கும்.

ரூபின் அந்த முழுப் பாட்டையும் பாடச் சொன்னார், அதுவும் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலர், ஜோ பெரி இருவரையும் கூட வைத்துக்கொண்டு. பழைய பாட்டின் வரிகளைக் கேட்டதும் ரன்-டி.எம்.சி.க்குப் பிடிக்கவே இல்லை. ரூபின் விடவில்லை. டைலர் அந்த வரிகளைச் சொற்களை அடுக்கி வேகமாகத் தாளத்தோடு சொல்லும் விதம் கிட்டத்தட்ட ராப்தான் என்பது அவருக்குக் கேட்டிருந்தது. ராப் இசையே அல்ல என்று அப்போது பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டை வைத்துப் பாலம் போடலாம் என்று கணக்குப் போட்டார்.

1986இல் வந்த அந்தப் பதிப்பு பில்போர்டு பாடல் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது, மூலப் பாட்டு எட்டியதைவிட மேலே. சரிவில் இருந்த ஏரோஸ்மித்துக்கும் அது மறுவாழ்வு கொடுத்தது. இதில் ரூபின் எழுதிய வரி ஒன்றும் இல்லை, போட்ட மெட்டும் இல்லை. இரண்டு தரப்பும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று கேட்காமல் இருந்ததைக் கவனித்ததுதான் அவருடைய பங்கு.

எடுத்துவிட்டால் ஏன் பலமாகக் கேட்கிறது?

'குறைப்பது' என்பது வெறும் அழகியல் கொள்கை இல்லை. அதற்குக் காதின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே சுருதி எல்லையில் இரண்டு ஒலிகள் ஒன்றாக வந்தால், பலமானது மற்றதை மறைத்துவிடும். பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் ஒரே இடத்தில் முட்டினால் இரண்டுமே குழம்பிக் கேட்கும். ஒன்றை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பதன் ஒலியளவை ஏற்றாமலே அது பெரிதாகக் கேட்கும். சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால் இன்னொரு கிட்டாரைச் சேர் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது எதிர்மாறான பலனைத் தரும்.

ஸ்லேயர் என்ற மெட்டல் (கனத்த கிட்டார் ஒலி கொண்ட ராக் வகை) குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' இதற்கு நல்ல உதாரணம். 1986 அக்டோபரில் வந்தது. அதற்கு முந்தைய அவர்களுடைய ஆல்பத்தில் ரிவெர்ப் நிறைய இருக்கும். ரிவெர்ப் என்பது பெரிய மண்டபத்தில் கைதட்டினால் ஒலி உடனே அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்தக் கார்வை. ஒலிப்பதிவில் இதைச் செயற்கையாகவும் சேர்க்கலாம். மெதுவான பாட்டுக்கு அது கம்பீரம் தரும். ஆனால் ஸ்லேயர் வாசிப்பது அசுர வேகத்தில். ஓர் அடியின் கார்வை அடங்குவதற்குள் அடுத்த நான்கு அடி வந்துவிடும், எல்லாம் சேர்ந்து இரைச்சலாகிவிடும்.

ரூபின் அந்தக் கார்வையை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டார். இன்ஜினியர் ஆண்டி வாலஸ். ஒவ்வொரு டிரம் அடியும் காதுக்குப் பக்கத்தில் நறுக்கென்று விழுகிறது. பத்துப் பாட்டு, மொத்தமே சுமார் 29 நிமிடம். உறைப்படத்தையும் பாட்டின் பொருளையும் காரணம் காட்டி கொலம்பியா நிறுவனம் விநியோகிக்க மறுத்தது. கெஃபென் என்ற இன்னொரு நிறுவனம் மூலமாக வெளிவந்தது. அதுவரை ராப்பில் பெயர் எடுத்தவருக்கு மெட்டல் எப்படிப் பிடிபட்டது என்று பலர் வியப்பார்கள். அவரைப் பொறுத்தவரை அங்கே கேட்ட கேள்விதான் இங்கேயும்: இந்த இசையைக் கேட்க விடாமல் தடுப்பது எது?

சுருக்கமாக: ஒலிகள் ஒன்றையொன்று மறைக்கும். தேவையற்றதை எடுத்தால் தேவையானது தெளிவாகும். எது தேவையற்றது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும், அதைக் கண்டுபிடிப்பதே புரொட்யூசரின் வேலை.

ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே

1988இல் டெஃப் ஜாமை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் டெஃப் அமெரிக்கன் என்ற லேபிளைத் தொடங்கினார். பின்னால் அதன் பெயர் அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ் ஆனது. இந்தக் காலத்தில் அவருடைய வேலை முறையும் மாறியது. கருவிகளை இன்ஜினியர்களிடம் விட்டுவிட்டு, பதிவுக்கு முந்தைய கட்டத்தில் கவனம் செலுத்தினார். இதற்கு ப்ரீ-புரொடக்ஷன் என்று பெயர்: மைக் போடுவதற்கு முன்பே பாட்டுகளைக் கேட்டு, தேர்ந்து, திருத்தி, ஒத்திகை பார்ப்பது. குழுக்களை ஏராளமாகப் பாட்டு எழுதச் சொல்வார். பெரும்பகுதி ஆல்பத்தில் வராது.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவோடு அப்படி உட்கார்ந்திருந்தபோது பாடகர் ஆன்டனி கீடிஸின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒரு கவிதை. போதைப் பழக்கத்தில் கழிந்த நாட்களையும் தனிமையையும் பற்றியது. துள்ளலும் ஆட்டமுமாகப் பெயர் எடுத்த குழுவுக்கு இது பொருந்தாது, ரொம்ப மென்மை என்று கீடிஸ் ஒதுக்கி வைத்திருந்தார். மற்றவர்களுக்குப் பாடிக் காட்டும்படி ரூபின் வற்புறுத்தினார். அதுதான் 'அண்டர் தி பிரிட்ஜ்'. ஒரு பழைய மாளிகையையே ஸ்டூடியோவாக மாற்றிப் பதிந்த 1991 ஆல்பத்தில் இடம்பெற்று, அடுத்த வருடம் பில்போர்டில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் குழுவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, அவர்களே வேண்டாம் என்று நினைத்த பாட்டு.

ஒரு கிழவரும் ஒரு கிட்டாரும்

என்னைக் கேட்டால் ரூபினின் ஆகப் பெரிய வேலை ஜானி கேஷோடு செய்ததுதான். கேஷ், அமெரிக்கக் கிராமப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையின் மாபெரும் குரல். ஆனால் 1986இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. அடுத்துப் போன லேபிளிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1993இல் ரூபின் தேடிப் போனபோது கேஷுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ராப்பும் மெட்டலும் செய்யும் ஒரு தாடிக்காரருக்குத் தன்னிடம் என்ன வேலை என்று கேஷ் யோசித்தது நியாயம்தான்.

ரூபின் தன் வீட்டு வரவேற்பறையில் அவரை உட்கார வைத்தார். பிடித்த பாட்டையெல்லாம் பாடுங்கள் என்றார். சிறுவயதில் கேட்டது, தேவாலயப் பாட்டு, தானே எழுதியது என்று கேஷ் பாடிக்கொண்டே போனார், கையில் ஒரு கிட்டார் மட்டும். இவை மாதிரிப் பதிவுகள் என்றுதான் முதலில் இருவரும் நினைத்தார்கள். பிறகு வாத்தியக்காரர்களைச் சேர்த்தும் பதிந்து பார்த்தார்கள். வரவேற்பறையில் பதிந்ததன் கிட்டத்தில்கூட அது வரவில்லை. ஆகவே மாதிரிப் பதிவுகளையே ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவு செய்தார் ரூபின். 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்ற பெயரிலேயே 1994இல் வந்த அந்த ஆல்பத்துக்குச் சமகால நாட்டுப்புற இசைப் பிரிவில் கிராமி விருது கிடைத்தது.

இங்கே நடந்த 'குறைத்தல்' என்ன? கேஷின் குரலில் வயதின் கரகரப்பும் மூச்சும் தெரியும். பெரிய வாத்தியக் கோர்ப்பு இருந்தால் அவை மறைந்துபோகும், அல்லது குறையாகத் தெரியும். எதுவும் இல்லாத இடத்தில் அவையே பாட்டின் பொருளாகிவிடுகின்றன.

2002இல் வந்த நான்காவது ஆல்பத்தில் 'ஹர்ட்' இருக்கிறது. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதிய பாட்டு, 1994இல் முதலில் வந்தது. ஓர் இளைஞன் தன்னையே சிதைத்துக்கொள்வதைப் பற்றி மின்னணு இரைச்சலோடு பாடியது. இதைக் கேஷ் பாடலாம் என்று சொன்னவர் ரூபின். அந்த இரைச்சலை நீக்கிவிட்டு வரிகளை மட்டும் படித்தால் அவை எழுபது வயது மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதற்கும் பொருந்தும் என்பதை அவர் கவனித்திருந்தார். கேஷ் ஒரு கெட்ட வார்த்தையை மாற்றி, இயேசுவின் தலையில் சூட்டிய முள்முடி என்று பொருள்படப் பாடினார். அந்த ஒரு சொல்லில் பாட்டு அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்துவிட்டது. கிட்டார் மெதுவாகத் தொடங்குகிறது, பியானோ ஒரே சுரத்தை மறுபடி மறுபடி அடித்து அடித்து ஏற்றுகிறது, முடிவில் ஒலி கிட்டத்தட்ட உடைகிற அளவுக்கு வந்து சட்டென்று நின்றுவிடுகிறது. 2003 செப்டம்பரில் கேஷ் காலமானார்.

எல்லாருக்கும் ஒத்துவந்ததா?

இல்லை. 2004இல் ஆல்பம் செய்த ஸ்லிப்நாட் குழுவின் பாடகர் கோரி டெய்லர், ரூபின் ஸ்டூடியோவுக்கு அரிதாகவே வந்தார் என்று பகிரங்கமாகக் குறைபட்டுக்கொண்டார். எப்போதாவது வந்து புதுக்காதோடு கேட்டுக் கருத்துச் சொல்வது ஒரு குழுவுக்கு வரம், கூடவே இருந்து கைகொடுக்க ஆள் தேடும் குழுவுக்கு அது கைவிட்ட மாதிரி. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டு ஒலி பற்றியது. மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னடிக்' வெளிவந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். பாட்டில் மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியால் சுருக்குவதற்குக் கம்ப்ரெஷன் என்று பெயர். சுருக்கிவிட்டால் மொத்தப் பாட்டையும் உச்ச ஒலியளவுக்கு ஏற்றலாம், மற்றப் பாட்டுகளைவிடச் சத்தமாகக் கேட்கும். அளவு மீறினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரவென்று ஆகிவிடும். இந்த ஆல்பத்தில் அது நடந்திருந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் தெளிவாகக் கேட்டதை ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். தன்னிடம் வரும்போதே ஒலி அப்படி நசுங்கித்தான் இருந்தது என்று மாஸ்டரிங் செய்தவர் சொல்லிவிட்டார். குறைப்பதற்குப் பெயர் எடுத்தவரின் ஆல்பத்தில் மூச்சுவிடவே இடம் இல்லாமல் போனது வருத்தமான விஷயம். முடிவெடுப்பவர் புரொட்யூசர் என்றால் பழியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான அனுபவம் 2013இல். 'யீஸஸ்' ஆல்பம் வெளிவரச் சில வாரமே இருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு ராப் பாடகர் கான்யே வெஸ்ட் கலிபோர்னியாவின் மாலிபுவில் உள்ள ரூபினின் ஷாங்ரி-லா ஸ்டூடியோவுக்கு வந்தார். சில பாட்டுகளுக்குக் குரலே பதியவில்லை. கடைசியில் வெளிவந்தது பத்துப் பாட்டு, 40 நிமிடம்.

நீங்களே கேட்டுப் பார்க்க

நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும். ஏரோஸ்மித்தின் 1975 'வாக் திஸ் வே'யை முதலில் கேளுங்கள், உடனே 1986 பதிப்பையும். டிரம்ஸுக்கும் குரலுக்கும் நடுவில் எத்தனை வாத்தியம் காணாமல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ரெஸ்னரின் 'ஹர்ட்', அதன் பின் கேஷின் 'ஹர்ட்'. இரண்டாவதைக் கேட்கும்போது பியானோ முதன்முதலில் எங்கே நுழைகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு முன்னால் அது இல்லாமல் இருப்பதும் ஒருவர் எடுத்த முடிவுதான்.